கல் குவாரி உரிமமும் மேல்முறையீட்டு உரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லாவரம், பம்மல், திருநீர்மலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு உச்சி வேளை வெடிச் சத்தம் பழகிப்போனது. விசில் ஊதுவார்கள், சிவப்புக் கொடி அசையும், ஜன்னல் கம்பி ஒருமுறை அதிர்ந்து அடங்கும். அந்தப் பாறைக்கு உலகம் அறிந்த பெயரும் உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் பல்லாவரத்துப் பாறை வகையைச் சேர்ந்தது என்பதால்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். இப்போது சென்னைக்கான ஜல்லி செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலிருந்தும் அவற்றுக்கு அப்பாலிருந்தும் வருகிறது. என் தாய்வழி ஊர் உத்திரமேரூர்ப் பக்கம். அங்கே ஒரு குவாரி வந்தபோது நாங்கள் செய்யாத தவறு இல்லை. அதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் குரோம்பேட்டையில் என் வீட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் இங்கே இருக்கின்றன. நான் வழக்கறிஞர் அல்ல. சொந்த வழக்குக்கு இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

குவாரிக்கு உரிமம் கொடுப்பது யார்?

மாவட்ட ஆட்சியர். ஆனால் ‘உரிமம்’ என்று நாம் சொல்வது ஒரே தாள் இல்லை. இது புரியாததால்தான் பல ஊர்களில் தவறான கதவைத் தட்டிக்கொண்டு வருடங்கள் போகின்றன.

கல், ஜல்லி, கிராவல், மண் எல்லாம் சட்டத்தின் கண்ணில் ‘சிறு கனிமங்கள்’. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் இவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை 15-ஆம் பிரிவில் மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதன்படி வந்தவை தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959. பட்டா நிலம் என்றால் உரிமையாளரோ அவர் சம்மதம் பெற்றவரோ ஆட்சியரிடம் விண்ணப்பிக்கிறார். புறம்போக்கு என்றால் டெண்டர், ஏலம்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று சுற்றி, சுரங்கத் துறை உதவி இயக்குநரின் ஆய்வறிக்கையோடு ஆட்சியருக்குத் திரும்புகிறது. எதைத் தோண்டலாம், எவ்வளவு பரப்பு என்று ஒரு கடிதம் வருகிறது. அதை வைத்துச் சுரங்கத் திட்டம் தயாரித்து ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு சுற்றுச்சூழல் அனுமதி. அதற்கு அப்புறம்தான் குத்தகைப் பத்திரம். கூடவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. லாரி வெளியே வர நடைச்சீட்டு. குத்தகை பெரும்பாலும் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு.

ஆக, ‘குவாரிக்கு அனுமதி வந்துவிட்டதாம்’ என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: எந்தத் தாள்? எந்தத் தேதி?

ஊரில் குவாரி வரப்போவதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

டீக்கடையில் தெரிந்துவிடும். வெளியூர்க் கார், நிலத்தை அளக்கும் ஆட்கள், திடீரென்று ஒரு தரிசுக்கு வந்த மவுசு. அதற்குப் பிறகு செய்ய வேண்டியது, அந்த நிலத்தின் புல எண்ணை, அதாவது சர்வே எண்ணைத் தெரிந்துகொள்வது. அ-பதிவேடும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) புல வரைபடமும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் மாவட்டம், கிராமம் வைத்துத் தேடினால் சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். புறம்போக்கு ஏலங்கள் மாவட்ட அரசிதழில் வரும்.

இவற்றில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். நகல் கேட்பதோடு நிறுத்தாமல், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(ஞ) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. எங்கள் ஊர்க் கோப்பை இப்படிப் பார்க்கப் போனபோதுதான், கல்வெட்டு வைத்துக் கட்டிய பாசன வாய்க்கால் ஒன்று ஆய்வறிக்கையில் ‘ஓடை ஏதும் இல்லை’ என்ற ஒரே வரியில் காணாமல் போயிருந்தது தெரிந்தது. நகல் மட்டும் கேட்டிருந்தால் எந்தப் பக்கத்தைக் கேட்பது என்றே தெரிந்திருக்காது.

வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் எந்த வீடு என்பதில்தான் சூட்சுமம். மாநில விதிகளின் 36-ஆம் விதி, ‘மக்கள் வசிக்கும் இட’த்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக் குத்தகை தரக்கூடாது என்கிறது. அதே விதி வசிக்கும் இடம் என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறது: வருவாய் ஆவணத்தில் நத்தம், ஊர், வீட்டுமனை என்று குறிக்கப்பட்ட இடம், அல்லது உள்ளாட்சி அமைப்போ நகரமைப்புத் துறையோ அங்கீகரித்த மனைப்பிரிவு.

அதாவது, தாத்தா காலத்தில் வயலோரத்தில் கட்டிய வீடு, மூன்று தலைமுறை குடியிருந்தும், மின் இணைப்பும் ரேஷன் அட்டையும் இருந்தும், நிலம் இன்னும் ‘நஞ்சை’ என்று பதிவேட்டில் இருந்தால் கணக்கில் வராமல் போகலாம். இதைக் கேட்டுக் கோபப்படாதவர் இல்லை. எனக்கும் இந்த வரையறையில் நியாயம் தெரியவில்லை. வெடிக்கல் பதிவேட்டைப் பார்த்து விழுவதில்லை. ஆனால் கோபத்தை அடுத்த வேலையாக மாற்றுங்கள். நத்தத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று புல வரைபடத்தில் பார்த்து, அங்கிருந்து உத்தேசக் குவாரியின் எல்லைக் கல் வரை அளந்து எழுதுங்கள். பல விண்ணப்பங்களில் நத்தத்தின் நடுவிலிருந்தோ ஊர்க் கோயிலிலிருந்தோ அளந்து 340 மீட்டர், 360 மீட்டர் என்று காட்டுவார்கள். விளிம்பிலிருந்து அளந்தால் கதை மாறும்.

நத்தத்துக்கு வெளியே இருக்கும் வீடுகளையும் விட்டுவிட வேண்டாம். சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிசீலனையில் அருகிலுள்ள வீடுகள், பள்ளி, கிணறு எல்லாம் தனியாகப் பார்க்கப்படும். அங்கே இந்த வரையறை உங்கள் வாயை அடைக்காது.

எல்லாக் குவாரிக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டா?

இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை முதலில் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆகவே நாடு முழுக்க எல்லோருக்கும் 4.9 ஹெக்டேர் குவாரிதான் தேவைப்பட்டது! 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறு கனிமத்துக்கும் 5 ஹெக்டேருக்குக் குறைந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. பிறகு 2016-இல் மத்திய அரசு மாவட்ட அளவில் ஆணையங்கள் அமைத்து, சிறு குவாரிகளுக்குக் கூட்டம் இல்லாமலே அனுமதி தரும் வழியைத் திறந்தது. 2018 செப்டம்பரில் சத்யேந்திர பாண்டே வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த வழியைக் குறுக்கியது.

இன்றைய நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னால், 5 ஹெக்டேருக்கு மேல் என்றால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக்கேட்பும் உண்டு. தனியாக 5 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தாலும், 500 மீட்டருக்குள் இருக்கும் மற்ற குவாரிகளோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்கும்போது 5 ஹெக்டேரைத் தாண்டினால் அப்போதும் உண்டு. அதனால் பக்கத்துக் குவாரிகளின் பட்டியலைச் சரிபார்ப்பது முக்கியம். விண்ணப்பத்தோடு சுரங்கத் துறையின் 500 மீட்டர் சுற்றளவுக் கடிதம் ஒன்று இருக்கும். அதில் விட்டுப்போன குவாரி ஒன்றை நீங்கள் காட்டினால், கூட்டமே இல்லாமல் போகவிருந்த விண்ணப்பம் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

கூட்டம் எப்படி நடக்கும்? என்ன பேச வேண்டும்?

கூட்டத்தை நடத்துவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி. குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகம் முதலான இடங்களில் மக்கள் பார்க்க வைக்க வேண்டும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்படும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு இல்லை. அதனால் ‘நாம் போகாமல் புறக்கணித்தால் கூட்டம் ரத்தாகிவிடும்’ என்று நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்று பேரை வைத்தும் நடத்தி முடிப்பார்கள். ஆட்சேபம் இல்லை என்று எழுதியும் விடுவார்கள்.

எங்கள் ஊரின் முதல் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன்வரிசை நாற்காலிகளில் காலையிலேயே வெளியூர் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்து ஏரி, பரம்பரை, வருங்காலத் தலைமுறை என்று பத்து நிமிடம் பேசினேன். கைதட்டலுக்குக் குறைவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் வந்தது இவ்வளவுதான்: ‘ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார்.’ அதே கூட்டத்தில் என் சித்தி ஒருவர், மைக்கே பிடிக்காமல், தன் கிணற்றின் ஆழம், கோடையில் நீர் நிற்கும் மட்டம், குவாரி எல்லையிலிருந்து தூரம், வரைவு அறிக்கையின் எந்தப் பக்கத்தில் அந்தக் கிணறு விடுபட்டிருக்கிறது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, மறுபிரதியில் முத்திரையும் வாங்கிக்கொண்டார். பிறகு விண்ணப்பத்தைப் பரிசீலித்த நிபுணர் குழு குவாரிக்காரரிடம் விளக்கம் கேட்டது அந்தக் கிணற்றைப் பற்றித்தான்.

பேச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை, பேசுங்கள். ஆனால் பேசியதை எழுத்தில் கொடுங்கள். அறிக்கை தவறாகச் சொல்லும் உண்மைகளைப் பக்க எண்ணோடு காட்டுங்கள்: கிணறுகளின் எண்ணிக்கை, லாரி போகும் பாதையின் அகலம், அந்தப் பாதையில் இருக்கும் பள்ளி, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது, ஏற்கெனவே ஓடும் கிரஷர்கள். கூட்டம் முடியும்போது நடவடிக்கைகளின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று கலைந்துவிடாமல் அதுவரை இருங்கள்.

கூட்டத்தில் எல்லோரும் எதிர்த்தால் குவாரி நின்றுவிடுமா?

நிற்காது. அது வாக்கெடுப்பு அல்ல. எழுந்த ஆட்சேபங்களுக்கு விண்ணப்பதாரர் பதில் சொல்ல வேண்டும். மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு அதைப் பரிசீலித்துப் பரிந்துரைக்கும். மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவு செய்யும். ஆட்சேபத்துக்குப் பதிலே சொல்லாமல் அனுமதி கொடுத்திருந்தால், அந்த ஓட்டைதான் பின்னால் உங்கள் மேல்முறையீட்டின் முதல் வாதம். மேல்முறையீட்டை நீங்கள் எழுத ஆரம்பிப்பது உண்மையில் கருத்துக்கேட்பு நாளன்றுதான்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

பழங்குடிகள் வாழும் பட்டியல் பகுதிகளுக்கான ஊராட்சிச் சட்டம் தரும் அதிகாரம் தமிழகக் கிராம சபைகளுக்குக் கிடையாது. நம் மாநிலத்தில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அப்படிப்பட்ட பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. எனவே தீர்மானம் ஒன்றே குவாரியைத் தடுக்காது. ஆனாலும் போடுங்கள். தேதியிட்ட, பதிவேட்டில் ஏறிய, ஊரே கையெழுத்திட்ட சான்று அது. ‘எங்களுக்கு அப்போதே தெரியும், அப்போதே எதிர்த்தோம்’ என்பதைப் பின்னாளில் நிரூபிக்க அதைவிட நல்ல தாள் இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும். ‘குவாரி வேண்டாம்’ என்று ஒரு வரியில் முடிக்காமல், புல எண்ணையும் காரணங்களையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

மேல்முறையீட்டை எங்கே செய்வது?

எந்தத் தாளை எதிர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குத்தகை உத்தரவு, அதாவது ஆட்சியர் கையெழுத்திட்டது என்றால், மாநில விதிகளின்படி மேல்முறையீடு கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் புவியியல் மற்றும் சுரங்கத் துறைத் தலைமையிடம். அதற்கும் மேலே அரசிடம் சீராய்வு. இங்கும் காலக்கெடு உண்டு. உத்தரவின் நகல் கைக்கு வந்த வாரமே மனுவைத் தயார் செய்யுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி என்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதன் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதன் தீர்ப்பை எதிர்த்து 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றம் போகலாம்.

பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம், வனப் பாதுகாப்புச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் உண்டு. 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் இல்லை. ‘ஏலம் முறைகேடாக நடந்தது’ என்று சேப்பாக்கத்தில் போய் நின்றால், வேறு இடம் பாருங்கள் என்பார்கள். ‘கிணறு வற்றுகிறது’ என்று கிண்டியில் போய் நின்றால், அது சுற்றுச்சூழல் விவகாரம் என்பார்கள். வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் இரண்டு மனு, அதனதன் காரணங்களோடு.

முப்பது நாள் என்கிறார்களே, எந்த நாளிலிருந்து?

இந்தப் பக்கத்தில் எதையாவது இரண்டு முறை படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய, உத்தரவு உங்களுக்கு ‘தெரிவிக்கப்பட்ட’ நாளிலிருந்து 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதைத் தாண்டி ஒரு நாள் கூட ஏற்கும் அதிகாரம் அதற்கில்லை. ஓர் உதாரணம்: அனுமதி ஜூன் 3 அன்று தெரிவிக்கப்பட்டது என்று வையுங்கள். ஜூலை 3 வரை உரிமையோடு செய்யலாம். அதற்குப் பிறகு செப்டம்பர் 1 வரை காலதாமத மன்னிப்பு மனுவோடு செய்யலாம். செப்டம்பர் 2 அன்று எவ்வளவு நல்ல வழக்கும் மேல்முறையீடாகச் செல்லாது.

‘எனக்கு யாரும் சொல்லவே இல்லையே’ என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் 2013-இல் சேவ் மோன் ரீஜன் கூட்டமைப்பு வழக்கில் விரிவாகப் பார்த்தது. அனுமதியைப் பொதுவெளியில் வைக்க அமைச்சகத்துக்கும் விண்ணப்பதாரருக்கும் கடமை இருக்கிறது. இணையதளத்தில் ஏற்ற வேண்டும், பத்திரிகையில் விளம்பரம் தர வேண்டும், உள்ளாட்சிக்குப் பிரதி போக வேண்டும். அப்படி முழுமையாகத் தெரிவிக்கப்பட்டவற்றில் எது முந்தியதோ அந்த நாளிலிருந்து கெடு ஓடும். எனவே ஊராட்சி அலுவலகத்தில் வந்து கிடக்கும் ஒரு பிரதியே உங்களுக்கு எதிராக நாள் எண்ணத் தொடங்கியிருக்கலாம். ஊராட்சிச் செயலரிடம் வாரம் ஒருமுறை கேட்பதில் வெட்கம் வேண்டாம். பரிவேஷில் பார்த்தால், பார்த்த தேதியோடு திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

நான் சென்னையில் இருக்கிறேன். ஊரில் ஓட்டு கூட இல்லை. நான் மேல்முறையீடு செய்யலாமா?

செய்யலாம். சட்டம் ‘பாதிக்கப்பட்ட எவரும்’ என்கிறது. தீர்ப்பாயம் அதைத் தாராளமாகவே வாசித்து வந்திருக்கிறது. சங்கங்களும் செய்யலாம். கருத்துக்கேட்புக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பவும் உள்ளூர்வாசியாக இருக்கத் தேவையில்லை. ஆனாலும் நிலமோ கிணறோ வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் முதல் மனுதாரராக இருப்பது நல்லது. ‘பட்டணத்திலிருந்து வந்து கிளப்பிவிடுகிறார்கள்’ என்ற பேச்சு முதல் வாய்தாவிலேயே அடங்கும்.

இன்னொன்று: மண்ணடியிலோ மேடவாக்கத்திலோ இருக்கும் ஊர்க்காரர்தான் இந்த வேலைக்கு வசதியானவர். முடிவெடுக்கும் அலுவலகங்கள் எல்லாம் அவருடைய நகரத்தில் இருக்கின்றன. கிராமத்திலிருந்து ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டிய இடத்துக்கு அவர் மதிய இடைவேளையில் போய்வந்துவிடலாம்.

எவ்வளவு செலவாகும்? வழக்கறிஞர் கட்டாயமா?

இழப்பீடு கேட்காத மனுவுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. இழப்பீடு கேட்டால் அந்தத் தொகையில் ஒரு சதவீதம். நீங்களே வாதாடலாம். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். உண்மையான செலவு அங்கேயும், தட்டச்சிலும், பிரதிகளிலும்தான். வாதத்துக்கு இல்லாவிட்டாலும் மனு எழுதுவதற்காவது ஒரு வழக்கறிஞரைப் பிடியுங்கள்.

மேல்முறையீடு செய்துவிட்டால் வேலை நின்றுவிடுமா?

தானாக நிற்காது. இடைக்காலத் தடை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். பாறையை உடைத்த பிறகு வெற்றி பெற்று என்ன பயன் என்பதை அந்த மனுவில் தேதிகளோடும் படங்களோடும் காட்டுங்கள்.

கெடு தாண்டிவிட்டது. இனி வழியே இல்லையா?

அனுமதியை ரத்து செய்யக் கேட்கும் வழி அடைபட்டிருக்கலாம். அனுமதியின் நிபந்தனைகளை மீறுவதைக் கேட்கும் வழி திறந்தே இருக்கிறது. அனுமதிக் கடிதத்தின் பின்பக்கங்களை யாரும் படிப்பதில்லை. அங்கேதான் எவ்வளவு ஆழம், ஆண்டுக்கு எவ்வளவு கன மீட்டர், எந்த நேரம் வெடி, எல்லையில் எத்தனை வரிசை மரம் என்றெல்லாம் இருக்கும். சுரங்கத் திட்டங்களில் பக்கத்துப் பட்டாவுக்கு 7.5 மீட்டர், புறம்போக்குக்கு 10 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட்டிருப்பதாக எழுதுவார்கள். நேரில் போய்ப் பாருங்கள். அனுமதி பெற்றவர் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அதை வாங்கிப் படித்தால், நடாத மரங்கள் காகிதத்தில் தழைத்திருப்பதைப் பார்க்கலாம்.

மீறல் இருந்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் 14-ஆம் பிரிவின்கீழ், காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்யலாம். இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் 15-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு. உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு எப்போதும் ஒரு வழி. ஆனால் ‘மேல்முறையீட்டு வழி இருந்தும் ஏன் போகவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்.

உரிமமே இல்லாமல் தோண்டுகிறார்கள். யாரிடம் சொல்வது?

வட்டாட்சியர், கோட்டாட்சியர், சுரங்கத் துறை உதவி இயக்குநர், காவல் நிலையம், நால்வருக்கும் ஒரே நாளில் எழுத்தில். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு பிரதி. அனுமதியில்லாமல் கனிமம் எடுத்தால் ஐந்து ஆண்டு வரை சிறையும் ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வண்டியையும் பறிமுதல் செய்யலாம். கனிமச் சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துப் புகார் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது என்று காவல் நிலையத்தில் கைவிரிப்பார்கள். அது பாதி உண்மை. திருட்டு என்ற குற்றத்துக்குக் காவல் துறை தனியே வழக்குப் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சஞ்சய் வழக்கில் சொல்லிவிட்டது.

வெடியால் வீட்டில் விரிசல். எப்படி நிரூபிப்பது?

கடினம், ஆனால் முடியாததல்ல. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் சாதாரண வீடுகளுக்கான நில அதிர்வு வரம்பை, அதிர்வெண்ணைப் (வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைப்) பொறுத்து, வினாடிக்கு 5, 10, 15 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறது. அளவீடு எடுக்கச் சொல்லி எழுதுங்கள். அதற்குள் விரிசல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி எழுதி, ஓர் அளவுகோலை ஒட்டி வைத்துப் படம் எடுங்கள். வெடி வைக்கும் நேரத்தை ஒரு பழைய நாட்காட்டியில் தினமும் குறியுங்கள். என் சித்தி வீட்டுத் தினசரித் தாள்களில் ராகு காலத்துக்குக் கீழே வெடி நேரம் இருக்கும்.

காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தடை இருக்கிறதா?

2021 நவம்பரில் தமிழக அரசு தேசியப் பூங்கா, சரணாலயம் போன்றவற்றோடு காப்புக்காடுகளையும் சேர்த்து ஒரு கிலோமீட்டர் தடை கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் காப்புக்காடுகளை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பழைய செய்தித் துணுக்கை வைத்து மனு எழுதி ஏமாந்தவர்கள் உண்டு.

கைவிட்ட குவாரிக் குழியை என்ன செய்வது?

சென்னைக்காரர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள். 2017 வறட்சியிலும் 2019-லும் குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரம் குவாரிகளிலிருந்து நீர் எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்குத் தந்தார்கள். ஆனால் வேலியில்லாத குழிகளில் கோடை விடுமுறையில் குளிக்கப் போகும் பிள்ளைகள் மூழ்கும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. சுரங்கத் திட்டத்தில் மூடல் திட்டமும் இருக்கும். குத்தகை முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே வேலி, படிநிலைச் சரிவு பற்றி எழுதத் தொடங்குங்கள். ஆள் கிளம்பிவிட்டால் பிடிக்க முடியாது.

எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு அங்கேதான் வேலை. எதிர்ப்பது துரோகம் ஆகாதா?

இதை என்னிடம் கேட்டவர் ஒரு கம்ப்ரஷர் ஓட்டுநர். நியாயமான கேள்வி. நான் இருக்கும் அடுக்குமாடியும் ஜல்லியில்தான் நிற்கிறது. ஆனால் விதிப்படி படி வெட்டாமல் செங்குத்தாக ஆழப்படுத்தும் குவாரியில் முதலில் சாவது வேலையாட்கள்தான். திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே மாதம் பாறை சரிந்து நால்வர் இறந்தார்கள். குவாரியே வேண்டாம் என்று கேட்பது ஒரு மனு. ஆழத்தைக் குறை, படி வெட்டு, லாரிப் பாதையை மாற்று என்று கேட்பது வேறு மனு. இரண்டாவது மனுவில் அந்த ஓட்டுநரும் கையெழுத்துப் போட்டார்.

புகார் கொடுத்தால் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டத்தில், குவாரிகள் பற்றித் தொடர்ந்து புகார் செய்துவந்த ஒருவர் லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்காகப் பதிவானது. தனி ஆளாகக் கையெழுத்திடாதீர்கள். ஐம்பது கையெழுத்தோ சங்கத்தின் பெயரோ இருக்கட்டும். மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். இரவில் தனியாகக் குவாரிப் பக்கம் படம் எடுக்கப் போக வேண்டாம். செயற்கைக்கோள் படத்தில் குழியின் வளர்ச்சி ஆண்டுவாரியாகத் தெரிகிறது.

ஒரே நாளில் சென்னை அலுவலகங்களை முடிக்க முடியுமா?

முடியும். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் ஏறினால் முதலில் கிண்டி: சுரங்கத் துறை தொழிற்பேட்டையில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அண்ணா சாலையில். அடுத்த நிறுத்தம் சைதாப்பேட்டை. பனகல் மாளிகையில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். சேப்பாக்கத்துக்கு எழும்பூரில் இறங்கி ஆட்டோ. தபால் பிரிவில் மனுவைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் தேதி முத்திரை கேளுங்கள். ‘நாளை வாருங்கள், முத்திரை வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார்’ என்றால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். அவர் திரும்பி வருவார்.